கருவியும் காலமும்

தமிழாசிரியன் ஒருவன் கணினி மென்பொருளைப் பற்றி எழுதப் புகுவது தன் வரம்பு கடந்த செயலாகுமோ என ஐயுறும் அன்பர் சிலர் இருத்தல் கூடும். ஐயம் நியாயமானதே. பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்றுப் பசறையிலே தமிழ் கற்பித்து வரும் எனக்கு நன்னூற் சூத்திரங்கள் பழகிய அளவிற்குச் செய்நிரல்கள் பழகவில்லை. ஆயினும், கவ்வாத்துக் கத்தி மழுங்கிற்று என்பதை அறிதற்குக் கொல்லனாய்ப் பிறந்திருத்தல் வேண்டுமென்பதில்லை. அதனைப் பிடித்து மலைச்சரிவில் நிற்பவனே முதலில் அறிவான். அன்றியும், இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருள் பொறியியலாளரும் மென்பொருள் வல்லாரும் பலர். கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்ந்துகொண்டு, தாம் கற்ற கல்லூரிக்கு மட்டுமன்றி மலையகத்துத் தோட்டப் பாடசாலைகளுக்கும் கணினி அனுப்பும் கொடையாளரும் பலர். அவர்தம் செவியிற் படவேண்டிய செய்தி ஒன்று உளது. அதனைச் சொல்லுதற்கு இவ்விழா மலரினும் தக்க இடம் வேறில்லை.

திருவள்ளுவர் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்திலே, ஒரு செயலில் இறங்குமுன் ஆராயத்தக்கவற்றை எண்ணுமிடத்துக் கருவியையும் காலத்தையும் அடுத்தடுத்து வைத்தார். அவர் நாளைக் கருவிகள் ஏரும் வில்லும் தேரும் போல்வன. ஏர் ஒருமுறை நன்கு செய்யப்பட்டால், நிலம் மாறாதவரை அதுவும் மாறவேண்டுவதில்லை. இக்காலத்திலோ கருவியை ஆக்குதற்கென்றே கருவிகள் உள்ளன. பாலம் வரைதற்கும், யந்திரத்தை இயக்குதற்கும், நுண்ணிய சில்லுகளுக்குக் கட்டளை எழுதுதற்கும் பொறியியலாளர் கையாளும் ஆக்க மென்பொருள்கள் இவ்வினத்தன. இவற்றுள் ஒவ்வொன்றும் இரண்டு தொழில்களை உடையது. கணக்கிடுதல் ஒன்று, பிற கணினிகளோடு பேசுதல் மற்றொன்று. ஆயிரம் எண்களின் சராசரியைக் காணும் பகுதி 1990 இல் எழுதப்பட்டதாயினும் இன்றும் பிழையின்றிக் காணும். பேசும் பகுதி அத்தகையதன்று. பேச்சென்பது இருவர் செயல். ஒருவன் தன் பேச்சை மாற்றாது அப்படியே வைத்திருந்தாலும், மற்றவன் மாறிவிட்டானாயின் உரையாடல் நின்றுவிடும். மென்பொருளாக்குவோர் கணக்கிடும் பகுதியை ஆண்டுதோறும் அழகு செய்து விற்கின்றனர்; பேசும் பகுதியாகிய வலையமைப்புத் துணையைப் பழையபடியே விட்டுவைக்கின்றனர். நான் முறையிட வந்தது இதனையே.

பதுளைக்குப் புகையிரதத்திற் சென்றவர் அனைவரும் நானுஓயா நிலையத்தை அறிவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஒரு சிறு பாதை ஓடிற்று. பெரும்பாதையின் தண்டவாள இடைவெளி 5 அடி 6 அங்குலம். சிறு பாதையினதோ 2 அடி 6 அங்குலம். ஆதலின் மலைமேலிருந்து வந்த தேயிலைப் பெட்டி ஒவ்வொன்றும் நானுஓயாவில் இறக்கப்பட்டு மறு வண்டியில் ஏற்றப்பட வேண்டியதாயிற்று. இரு பாதைகளும் தம்மளவில் நல்லனவே. சந்திக்குமிடத்திலேதான் தோள்கள் நொந்தன. 1940 களில் அச்சிறு பாதை மூடப்பட்டுவிட்டது. இன்றைய ஆக்க மென்பொருள்களிற் பல, உலக வலையைச் சந்திக்குமிடத்தில் நானுஓயாக்களாகவே இருக்கின்றன. பெட்டி இறக்கி ஏற்றுவோரோ இப்போது கூலி பெறும் தொழிலாளர் அல்லர். பதினேழு வயது மாணாக்கர்.

எங்கள் பகுதி உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவர் சிலர் தம் ஆசிரியரின் துணையோடு மழைமானி ஒன்று செய்ய முற்பட்டனர். ஊவா மலைகளில் வாழ்பவருக்கு மழையளவு வெறும் பாடப்பொருள் அன்று. 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் குடியிருப்புகளின்மேல் மலை சரிந்த காலை நேரத்தை நாங்கள் மறந்திலோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்திற் பெய்யும் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பு என்றும், 100 ஐக் கடந்தால் எச்சரிக்கை என்றும், 150 ஐக் கடந்தால் வெளியேறுக என்றும் படிப்படியாக அறிவுறுத்துகிறது. ஆனால் மலைநாட்டில் மழை ஊர்தோறும் ஒத்துப் பெய்வதன்று. நமுனுகுலையின் ஒரு பக்கம் கொட்டும்போது மறுபக்கத்தில் கொழுந்து பறிப்பு நடந்துகொண்டிருக்கும். ஆகவே தத்தம் தோட்டத்திலே ஒரு மானி இருந்து, அளவு மிகும்போது அயலிலுள்ளார் கைப்பேசிக்குத் தமிழில் ஒரு வரி அனுப்புமாயின், அது உத்தியோகபூர்வ அறிவித்தலுக்கு மாற்றாகாதெனினும் துணையாகும் என மாணவர் எண்ணினர். அவ்வரிகளைத் திருத்தித் தருமாறு கேட்டமையாலேயே தமிழாசிரியனாகிய நான் இவ்விடயத்துள் வந்தேன்.

மானியின் உறுப்புக்கள் எளியன. ஊஞ்சற் பலகை போன்ற இரு சிறு கிண்ணங்கள்; ஒன்று நிரம்பினாற் சாய்ந்து நீரைக் கொட்ட, மற்றது மேலெழுந்து நிரம்பத் தொடங்கும். ஒவ்வொரு சாய்வையும் ஒரு காந்தமும் ஆளியும் எண்ணும். எண்ணிக்கையை வாங்கி அனுப்புதற்கு விரல்நகமளவான நுண்கட்டுப்படுத்தி. இவையெல்லாம் ஒரு தவணைக்குள் செவ்வனே இயங்கின. பிளாஸ்டிக் குவளையால் அளந்து ஊற்றிய நீரும் கணினி காட்டிய அளவும் பொருந்தின. கணக்கிடும் பகுதி தேறிற்று என்க.

அனுப்புமிடத்திலே இடறிற்று. மாணவர் கையிலிருந்த ஆக்க மென்பொருள் பழைய பதிப்பு. அதன் பெயரை இங்கு சொல்லாது விடுகின்றேன், ஏனெனில் இக்குறை அதற்கு மட்டும் உரியதன்று. அதனோடு வந்த வலையமைப்புத் தொகுதி, மறைகுறியாக்கத்திற்கான டி.எல்.எஸ். என்னும் நெறிமுறையின் பழைய வடிவத்தையே அறியும். அந்நெறிமுறையின் முதற் பதிப்பு 1999 இலே வந்தது, 1.2 ஆம் பதிப்பு 2008 இலும் 1.3 ஆம் பதிப்பு 2018 இலும் வந்தன. முதலிரு பதிப்புக்களும் இனிப் பயன்படத்தகா என 2021 மார்ச்சில் இணையப் பொறியியற் பணிக்குழு அறிவித்துவிட்டது. தரவை ஏற்கவேண்டிய சேவையகம் அவ்வறிவிப்புக்கு அமைந்து பழைய வடிவத்திற் பேசுவாரை வாயிலிலேயே நிறுத்திவிட்டது. அது செய்தது தவறன்று. பழைய பூட்டை எவரும் திறக்கலாம் என்பது தெரிந்த பின்னரும் அதனைத் தொங்கவிடுதல் வாயிற்காவலன் கடமையாகாது. ஆனால் மாணவருக்குக் கிடைத்த விடையோ இன்ன காரணம் என்று கூறவில்லை. ஓர் எண்ணும் ஒரு கழித்தற்குறியும் மட்டுமே திரையில் நின்றன. தாம் எழுதிய செய்நிரலிலேயே பிழை என எண்ணி, சரியாயிருந்ததை மூன்று கிழமை திருத்தித் திருத்திப் பிழையாக்கினர். கால விரயத்தினும் இஃதே எனக்கு வருத்தம் தந்தது. கருவியின் குறையைத் தன் குறையென்று மாணவன் நம்பத் தொடங்குவானாயின், அவன் அத்துறையை விட்டே விலகிவிடுவான்.

புதிய பதிப்பை நிறுவினால் என்ன என்று நகரத்து அன்பர் கேட்பர். கேட்பது எளிது. பாடசாலைக்கு அன்பளிப்பாய் வந்த கணினிகள் விண்டோஸ் 7 இல் இயங்குவன. அவ்வியக்க மென்பொருளுக்குரிய பாதுகாப்பு உதவி 2020 சனவரி 14 உடன் நின்றது. உயர்தர மாணவர் பயிலும் பைதன் மொழியில் 3.8 ஆம் பதிப்பே விண்டோஸ் 7 ஏற்கும் இறுதிப் பதிப்பு. அப்பதிப்புக்கும் 2024 ஒக்டோபருடன் ஆதரவு முடிந்தது. பழைய கணினி புதிய இயக்க மென்பொருளைத் தாங்காது. பழைய இயக்க மென்பொருள் புதிய ஆக்க மென்பொருளை ஏற்காது. பழைய ஆக்க மென்பொருள் புதிய வலையோடு பேசாது. சங்கிலியின் ஒரு கண்ணியைத் தொட்டால் மற்றவை எல்லாம் அசைகின்றன. போதாக்குறைக்கு, புதிய பதிப்பைப் பதிவிறக்க வேண்டிய தரவின் விலையோ ஆசிரியரின் சொந்தக் கைப்பேசிக் கணக்கிலிருந்து போகின்றது. 2020 மார்ச்சிலே பாடசாலைகள் மூடப்பட்டபோது, அலைவரிசை தேடிப் பிள்ளைகள் பாறைகளின்மேல் ஏறிய நாடு இது.

இக்குறை வறிய பாடசாலைக்கே உரியதன்று என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் நஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1986 இல் வெளியிட்ட லேப்வியூ என்னும் ஆக்க மென்பொருள், உலகெங்கும் பொறியியற் பீடங்களிலும் ஆய்வுகூடங்களிலும் வழங்குவது. கம்பிகளை இணைப்பதுபோல் படம் வரைந்தே செய்நிரல் எழுதலாம் என்னும் சிறப்பினது. அதன் இயல்பான வலையமைப்புச் செயற்கூறுகளுக்கு டி.எல்.எஸ். பாதுகாப்பு வந்து சேர்ந்தது 2020 ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே. நெறிமுறை பிறந்து இருபத்தோராண்டு கழிந்த பின்னர்! மைக்ரோசொப்ட் நிறுவனம் 1998 இல் வெளியிட்ட விசுவல் பேசிக்கின் ஆறாம் பதிப்பு இன்னொன்று. அதனை ஆக்கும் சூழலுக்கான ஆதரவு 2008 ஏப்பிரலில் முடிந்தது. ஆயினும் அதிலெழுந்த செய்நிரல்கள் இன்றைய விண்டோசிலும் ஓடுகின்றன. அவை ஓடுவதனாலேயே எவரும் மாற்ற முயலவில்லை. அதனோடு வந்த வலையமைப்பு உறுப்பு ஐபி முகவரியின் நான்காம் பதிப்பை மட்டுமே அறியும். அப்பதிப்பில் அமையக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. உலகப் பொதுக் களஞ்சியத்திலிருந்த அவற்றின் கடைசித் தொகுதிகள் 2011 பெப்பிரவரி 3 இல் பங்கிடப்பட்டுத் தீர்ந்தன. அடுத்த பதிப்பின் விதிகளோ, அவ்விசுவல் பேசிக் வெளிவந்த அதே 1998 ஆம் ஆண்டிலேயே வெளியாகியிருந்தன.

இனி, எனக்குரிய இடத்திற்கு வருகின்றேன். மேற்சொன்ன விசுவல் பேசிக்கின் பெட்டி ஒன்றினுள் ஒருங்குறித் தமிழை இட்டுப் பார்த்தவர் அறிவர்: எழுத்துக்குப் பதிலாக வினாக்குறிகள் வரிசையாய் நிற்கும். காரணம் இது. அம்மென்பொருள் உள்ளே ஒருங்குறியை வைத்திருந்தும், திரைக்கு அனுப்பும்போது அந்தந்த மொழிக்கென விண்டோஸ் வகுத்த பழைய குறியீட்டுப் பட்டியலுக்கு மாற்றியே அனுப்பும். தமிழுக்கு அத்தகைய பட்டியல் என்றும் வகுக்கப்பட்டதில்லை. ஆகவே மாற்ற வழியின்றி வினாக்குறி இடும். தமிழ் ஒருங்குறியின் 1991 ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே இடம்பெற்ற மொழி என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். இடம் இருந்தது, கருவி அவ்விடத்திற்கு வழி வைக்கவில்லை. எங்கள் மழைமானி அனுப்பிய முதற் செய்தியும் இவ்வாறே வந்தது. வேறொரு வழியாக, பாதுகாப்பற்ற பழைய பாதையில், மாணவர் ஒரு வரியை எப்படியோ கைப்பேசிக்குச் சேர்ப்பித்தனர். மழை மிகுந்துளது, மேட்டுப் பக்கம் செல்க என்பது அவ்வரியின் பொருள். வந்தது பதினெட்டோ இருபதோ வினாக்குறிகள். ஆபத்து நேரத்தில் ஒரு தாய் கைப்பேசியைத் திறந்து வினாக்குறிகளைக் காண்பாளாயின் அவள் யாரிடம் போய் விடை கேட்பாள்?

தமிழ் எழுத்து மாறியதே இல்லையா எனலாம். மாறிற்று. தமிழ்நாட்டரசு 1978 இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, யானைத் துதிக்கை போல் மேல்வளைந்த பழைய ‘னை’யும் ‘லை’யும் வழக்கொழியத் தொடங்கின. எனினும் என் பாட்டனார் காலத்துப் புத்தகத்தை என் மாணவன் தட்டுத்தடுமாறியேனும் படித்துவிடுகிறான். இடம் நோக்கி ஊகிக்கும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு. பொறிக்கு அது கிடையாது. ஒரு புள்ளி பிசகினும் முழுவதையும் தள்ளிவிடும். ஆதலினால் மனிதர் பேச்சை விடப் பொறியின் பேச்சே காலத்தோடு ஒட்டிச் செல்லுதற்குக் கூடுதலான பராமரிப்பை வேண்டி நிற்கின்றது. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய வினாத்தாளை மின்னஞ்சலில் அனுப்பி, மறுமுனையில் ஆங்கில எழுத்துக் குப்பையாய்ப் பெற்ற ஆசிரியர் அனைவரும் இதற்குச் சாட்சி கூறுவர். அவர்களுட் பலர் இன்னமும் அவ்வெழுத்துருவையே கட்டியழுகின்றனர் என்பது வேறு கதை. அதனைப் பிறிதொரு மலருக்கு வைத்துக்கொள்வோம்.

செய்ய முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. 2008 இல் வந்த பைதன் மூன்றாம் பதிப்பு, பழைய பதிப்பாளரின் முணுமுணுப்பைப் பொறுத்துக்கொண்டு, எழுத்தென்றால் ஒருங்குறியே என்று வகுத்தது. இன்று அம்மொழியில் மாறிக்குப் பெயரே தமிழில் இடலாம். முத்து அண்ணாமலை என்னும் பொறியியலாளர் தமிழ்ச் சொற்களாலேயே எழுதத்தக்க எழில் என்னும் நிரல்மொழியை ஆக்கி எவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டார். மனம் வைத்தார்க்கு வழி இருந்தது என்பதற்கு இவை போதும்.

மறுபக்கத்தார் கூறும் வாதம் ஒன்றுண்டு; அதனைப் புறக்கணித்தல் முறையன்று. தொழிற்சாலையில் இருபதாண்டு தடையின்றி ஓடும் யந்திரத்தை இயக்கும் மென்பொருளைத் தொடுதல் ஆபத்து. உறுதிப்பாடே அங்கு முதன்மை. ஆகவே பழையதைப் பழையதாகவே காத்தல் எமது பொறுப்பு என்பர். எவ்வலையோடும் இணையாது சுவருக்குள் இயங்கும் யந்திரத்திற்கு இவ்வாதம் முற்றும் பொருந்தும். ஆனால் அதே மென்பொருளை உலகோடு இணைப்பது என்று விளம்பரஞ் செய்து விற்றபின் இவ்வாதத்தை நீட்டுதல் பொருந்தாது. பேசும் பகுதியைக் கணக்கிடும் பகுதியினின்றும் பிரித்து வைத்தால், யந்திரத்தைத் தொடாமலே நாவை மட்டும் புதுப்பிக்கலாம். அதுவும் இயலாதெனின், இன்ன ஆண்டு வரையே இது பிறரோடு பேசும் என்று உறையின்மேல் எழுதிவிடலாம். மருந்துப் போத்தலில் முடிவுத் திகதி இல்லையா? ஐரோப்பிய ஒன்றியம் இதனைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2024 திசெம்பர் 10 இல் நடைமுறைக்கு வந்த இணைய மீண்டெழுதிறன் சட்டத்தின் முதன்மைக் கடப்பாடுகள் 2027 திசெம்பர் 11 முதல் செல்லுபடியாகும். அதன்பின், மென்பொருளுக்கு எத்தனை காலம் பாதுகாப்புத் திருத்தம் வழங்கப்படும் என்பதைச் செய்வோர் வெளிப்படையாகச் சொல்லியே விற்கவேண்டும். அக்காலமும் பொதுவாக ஐந்தாண்டிற் குறைதல் ஆகாது. ஐரோப்பியச் சந்தைக்காகத் திருத்துவோர் ஊவாவுக்கென்று தனியே பழையதை வைத்திருக்கப் போவதில்லை. அவ்வளவில் எமக்கும் ஒரு நன்மை.

சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. வலையிற் பேசுவோர் ஒருவரையொருவர் நம்புதற்கு மூலச் சான்றிதழ்கள் சில கருவிக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும்; அவற்றிற்கும் ஆயுள் உண்டு. 2021 செத்தெம்பர் 30 இல் அத்தகைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, உலகின் பல பக்கங்களிலும் பழைய கருவிகள் முதல்நாள் திறந்த தளங்களை மறுநாள் திறக்க மாட்டாவாயின. கருவியில் ஒன்றும் உடையவில்லை. நாட்காட்டியில் ஒரு தாள் புரண்டது, அவ்வளவே.

இவ்விடத்திற் கொடையாளரை நோக்கிச் சொல்லவேண்டியது உளது. அன்பளிப்பு வேண்டாமென்று சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை. நன்றி மறந்தாரும் அல்லேம். ஆனால் இன்னும் ஈராண்டிற்குள் எமக்கு எவ்வகைக் கணினிகள் வரும் என்பதை இப்பொழுதே கூறிவிடலாம். விண்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது. பதினோராம் பதிப்பை ஏற்கும் தகுதியில்லாக் கணினிகளை அலுவலகங்கள் கழிக்கின்றன. கழிக்கப்பட்டவை துடைக்கப்பட்டு, நாடா கட்டப்பட்டு, விழா மேடைகளிற் கையளிக்கப்படும். கையளிக்கும் நிழற்படம் அடுத்த மலரில் வெளிவரும். அப்படத்திற்குப் பின்னர் அக்கணினிக்கு என்ன நேர்ந்தது என்பதை எந்த மலரும் எழுதுவதில்லை.

அக்கணினிகளைக் குப்பை என்று நான் சொல்லவரவில்லை. அவற்றில் டெபியன் போன்ற கட்டற்ற லினக்ஸ் இயக்க மென்பொருளை நிறுவினால், வன்பொருள் பழையதாயினும் வலையமைப்புப் பகுதி காலத்தோடு நிற்கும், பைதனும் புதிய பதிப்பில் ஓடும், தமிழும் வினாக்குறியாகாது. எங்கள் மாணவரின் மழைமானி முடிவில் இவ்வழியாலேயே பேசிற்று. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, ஆக்க மென்பொருளின் புதிய பதிப்பை அதிலிட்டு, நுண்கட்டுப்படுத்திக்கு மறுபடியும் கட்டளை எழுதினர். இவ்வேலைக்கு வேண்டியிருந்தது பணமன்று. வழி தெரிந்த ஒருவர். பதுளையிலிருந்து பேருந்தில் இருமுறை வந்து சென்ற இளைஞர் ஒருவரே அவ்வழியைக் காட்டினார். அவர் வாராதிருந்தால் மானி இன்றும் கண்காட்சி மேசையில் நீரை எண்ணிக்கொண்டு வாய்மூடி இருந்திருக்கும்.

ஆகவே, பழைய மாணவர் சங்கத்தார்க்கு என் விண்ணப்பம் இது. கணினி அனுப்புமுன், அதிலுள்ள இயக்க மென்பொருளுக்கு எந்த ஆண்டு வரை ஆதரவு உண்டு என்பதை ஒரு தாளில் எழுதி உடன் அனுப்புங்கள். ஆண்டிற்கு ஒருமுறையேனும் மலைக்கு ஏறிவந்து, ஆய்வுகூடக் கணினிகள் வலையோடு பேசுகின்றனவா என்று பார்த்துத் திருத்தித் தர ஒருவரை நியமியுங்கள். அவருடைய பேருந்துச் செலவையும் இருநாட் சாப்பாட்டையும் கொடைக் கணக்கிலேயே சேருங்கள். பத்துக் கணினிக்குப் பதில் எட்டு அனுப்பினாலும் போதும். மென்பொருள் நிறுவனங்களிற் பணிபுரியும் அன்பர்களோ, தம் மேசையில் அடுத்த பதிப்பின் வேலைப்பட்டியல் வரும்போது, வலையமைப்புத் தொகுதி எத்தனை ஆண்டாகத் தொடப்படாதிருக்கின்றது என்று ஒருமுறை வினவுவார்களாக; பிழை நேருமிடத்து வெறும் எண்ணைக் காட்டாது, என்ன காரணத்தால் மறுக்கப்பட்டது என்பதை ஒரு வாக்கியமாகக் காட்டச் செய்வார்களாக. அவ்வாக்கியத்தைத் தமிழில் எழுதித் தரவேண்டுமாயின், பசறையில் ஒருவன் இருக்கின்றான், எழுதித் தருவான்.